அம்மா பாண் வெட்டிய விதம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பலர் ரொறொன்ரோவின் மல்வேர்னில் உள்ள எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்ற முன்னரே அம்மா நீட்டிய சோற்றுக்கோப்பையை வாங்கியவர்கள். "போதும் அம்மா" என்று கையால் மறைத்த பின்னரும், விரல்களுக்கு மேலாக இன்னொரு அகப்பை விழுந்ததை அறிந்தவர்கள். அனுதாபம் எழுதித் தந்தவர்களில் அநேகர் "அள்ளிப் போட்ட கை" என்றே எழுதியிருக்கிறார்கள். அது உண்மை. பக்கத்தில் நின்று நானும் கண்டிருக்கிறேன்.

அந்தக் கையை அதற்கு முன்பும் அறிந்தவள் நான். அதை எழுத வேண்டாமென்று அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையான சின்னம்மா யூனியன்வில்லில் இருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். "உன்ரை அண்ணாவைப் போர்டிங்கிலை விட்டது எண்டே போடு பிள்ளை. இவ்வளவு காலமும் அப்பிடித்தானே சொன்னனாங்கள். செத்தவவின்ரை பேரை ஏன் கெடுக்கிறாய்?" என்றார். நான் வாழ்நாளைப் பத்திரிகை அலுவலகங்களில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதில் கழித்தவள். தவறான செய்தி வந்தால் திருத்தம் போடுவது வழக்கம். எங்கள் குடும்பத்தின் திருத்தம் நாற்பது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டது.

அம்மா கரவெட்டியில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவும் எட்டாம் வகுப்புவரை படித்தவர். அப்பாவைக் கல்யாணம் செய்தபோது அப்பா கொழும்பில் எழுதுவினைஞர். உலகப் போர் முடிந்த கையோடு கணக்காளர் படிப்புக்கென்று அப்பா லண்டன் போனார். அடுத்த வருடம் நாங்கள் மூவரும் கப்பலில் போய்ச் சேர்ந்தோம். அண்ணாவுக்கு அப்போது ஆறு வயது, எனக்கு நாலு. ஊரில் எங்களை வழியனுப்ப வந்தவர்கள் நாங்கள் பெரிய சீவியத்துக்குப் போகிறோம் என்று நினைத்தார்கள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் ஒரே ஒரு அறை. பக்கத்து வீடு இருந்த இடத்தில் குண்டு விழுந்த பள்ளம். சுவர் எந்நேரமும் ஈரமாக இருந்தது. மலகூடம் கீழே முற்றத்தின் கோடியில். யன்னல் இடுக்குகளில் அம்மா பழைய பத்திரிகைகளைச் சுருட்டி அடைத்திருந்தார். எங்கள் சப்பாத்துகளுக்குள்ளும் பத்திரிகைதான். நான் முதலில் வாசித்த ஆங்கிலம் என் காலுக்குக் கீழ் இருந்தது.

அப்பா முதற் பரீட்சையிலேயே தவறினார். பகலில் ஒரு பண்டசாலையில் பெட்டி தூக்கினார். எல்லாவற்றுக்கும் பங்கீட்டுக் கூப்பன். ஒரு கட்டத்தில் பாணுக்கும் கூப்பன் வந்தது. அரிசியைக் கண்ணாலும் காணவில்லை. மரக்கறி மட்டும் உண்பவர்கள் என்று பதிந்தால் இறைச்சிப் பங்குக்குப் பதிலாகக் கொஞ்சம் கூடுதலாகப் பாற்கட்டி கொடுப்பார்கள். அம்மா நால்வரையும் அப்படிப் பதிந்தார். பாற்கட்டியை உருளைக்கிழங்கோடு அவித்து, ஊரில் இருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளில் ஒரு சிட்டிகை தூவித் தருவார். அது கறி. தொட்டுச் சாப்பிடப் பாண்.

அந்தப் பாணை அம்மா வெட்டும் விதம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. முதலில் வெட்டமாட்டார். கத்தி நுனியால் மேலோட்டில் கோடு மட்டும் போடுவார். அப்பாவுக்குத் தடித்த துண்டு, அவர் பெட்டி தூக்குகிறவர். எனக்கும் அண்ணாவுக்கும் ஒரே அளவு. கோடு சரியா என்று தலையைச் சரித்துப் பார்த்த பின்னர்தான் கத்தி இறங்கும். பலகையில் சிந்திய துகள்களை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொள்வார். அநேக நாட்களில் அதுதான் அம்மாவின் சாப்பாடு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நேர்மையாகாது.

அண்ணாவுக்குப் பசி அதிகம். என் துண்டில் பாதி மிஞ்சியிருக்கும்போதே அவர் தன்னுடையதை முடித்துவிட்டுப் பலகையைப் பார்ப்பார். அம்மா பாணைத் துணியில் சுற்றியபடி சொல்வார்: "போதும். மற்றாக்களுக்கும் வேணும்." கோபமாகச் சொல்வதில்லை. மழை பெய்கிறது என்பதைச் சொல்வதைப்போலச் சொல்வார். காலையிலும் மாலையிலும் அதே சொற்கள்.

எல்லாம் உறைந்துபோன அந்த நீண்ட குளிர்காலத்தில் அப்பா இரத்தமாக இருமத் தொடங்கினார். அவரை நகருக்கு வெளியே சயரோக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டிக் கழுவப் போனார்.

அம்மா இல்லாத ஒரு காலையில் அண்ணா கீழே இறங்கி வீட்டுக்காரியின் பூனைக்கு வைத்திருந்த தட்டைச் சாப்பிட்டுவிட்டார். அவித்த மீன் தலைகள். வீட்டுக்காரி ஒரு ஆங்கிலேய விதவை. வெறுந்தட்டைக் கையில் பிடித்தபடி மேலே வந்து அம்மாவிடம் காட்டினார். அவர் போன பின் அம்மா அண்ணாவின் வாயை உப்புத் தண்ணீரால் கழுவினார். அடிக்கவில்லை.

"அந்தப் பூனைக்கு மட்டும் இருக்கே" என்றார் அண்ணா.

"பூனை அவளின்ரை. நீ என்ரை. அவளிட்டை இருக்கு, என்னட்டை இல்லை" என்றார் அம்மா.

ஒரு கிழமைக்குள் வீட்டுக்காரி இன்னொரு யோசனையோடு வந்தார். கடற்கரைப் பட்டினம் ஒன்றில் தன் தங்கை இருக்கிறாள். பிள்ளையில்லை. கணவன் தோட்டமும் கோழிகளும் வைத்திருக்கிறான். இரண்டில் ஒன்றைக் கொடுத்தால் தங்கள் பிள்ளையாக வளர்ப்பார்கள். இல்லையென்றால் அறையை விடவேண்டும், திருடுகிற பிள்ளையை வைத்திருக்க முடியாது என்றார். எங்கள் நிறத்தவர்களுக்கு அறை கொடுக்கிற வேறு வீடு அந்தத் தெருவில் இல்லை. அம்மா தேடிப் பார்த்திருந்தார்.

அடுத்த ஞாயிறு மருத்துவமனைக்குப் போனோம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நோயாளிகளைக் கட்டிலோடு விறாந்தையில் விட்டிருந்தார்கள். நாங்கள் புல்லில் நின்றோம். அங்கே அப்பாவும் அம்மாவும் பேசியது இது:

"குடுக்கிறதெண்டால் பெட்டையைக் குடு. பெடியன் இருக்கட்டும். நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க ஆர்?"

"கொள்ளியைப் பிறகு பாப்பம். இப்ப சாப்பாட்டைப் பாக்கவேணும். பெட்டை கொஞ்சமாத் தின்னுறாள்."

"அதுக்காக?"

"வேறை என்ன வித்தியாசம் ரெண்டுக்கும்?"

ஐந்து வயதுப் பிள்ளையின் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. ஆகவே வளர்ந்த பின்னர் ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஓம், அப்பிடித்தான் சொன்னனான். நீ இருக்கிறாய்தானே?" என்றார்.

அண்ணாவைக் கொண்டுபோய் விட்ட நாளின் காலையில் அம்மா பாணில் கோடு போடவில்லை. நேராக வெட்டினார். தடித்த துண்டு, மேலே ஜாம். அண்ணா அதை முடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தார். அம்மா இன்னொன்று வெட்டினார். பிறகு இன்னொன்று. அன்று முழுவதும் அம்மா "போதும்" என்று சொல்லவில்லை. பின்னாளில் அண்ணா என்னிடம் சொன்னார், அந்த இரண்டாவது துண்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று.

அண்ணாவின் கூப்பன் புத்தகமும் அவரோடு போயிற்று. ஆகவே அன்றிரவு என் துண்டு எந்த விதத்திலும் தடிக்கவில்லை.

ஊருக்குப் போன செய்தியில் அண்ணா போர்டிங்கில் படிக்கிறார் என்று இருந்தது. கரவெட்டியில் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டார்கள். சீமையில் போர்டிங் என்றால் சும்மாவா. அப்பா அடுத்த வருடம் இறந்தார். அவருக்குக் கொள்ளி வைத்தவர் பண்டசாலையில் அவரோடு பெட்டி தூக்கிய ஒரு தமிழர். அண்ணாவைக் கூப்பிடலாம் என்று அவர் சொல்ல, ரயில் செலவைக் காரணம் காட்டி அம்மா மறுத்துவிட்டார்.

அம்மா அண்ணாவைப் பார்க்கப் போனது ஒரே ஒரு தடவை. என்னையும் கூட்டிப் போனார். அண்ணா கொழுத்திருந்தார். கன்னங்கள் உப்பியிருந்தன. தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். மேசையில் அவருடைய தட்டில் இறைச்சி இருந்தது. அவர் கேட்கக் கேட்க, வீட்டுக்காரியின் தங்கையான அந்த அம்மையார் எடுத்து வைத்தார். அம்மா தனக்குத் தந்த தேநீரைக் குடிக்கவில்லை. திரும்பி வரும் ரயிலில் என்னிடம், "மாடு தின்னுறான். அவன் இனி எங்கடை பிள்ளையில்லை" என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அண்ணாவின் பெயர் சொல்லப்படவில்லை. பசி தீர்வதற்காகக் கொடுத்த பிள்ளையை, பசி தீர்ந்த விதத்துக்காக அம்மா கைவிட்டார்.

அம்மா கூட்டிக் கழுவிய கட்டடங்களில் ஒன்று ஒரு பத்திரிகை அலுவலகம். பள்ளிக்கூடம் முடித்ததும் அங்கேதான் எனக்குத் தட்டெழுத்து வேலை கிடைத்தது. பிறகு ஆசிரியர் பிரிவுக்குப் போனேன். அண்ணாவை நானாகத் தேடிப் போய்ச் சந்தித்தேன். அவர் நகரசபையில் வாகன ஓட்டுனராக இருந்தார். வருடத்தில் சில தடவை தொலைபேசியில் பேசிக்கொண்டோம். எழுபதுகளில் எனக்கு ரொறொன்ரோவில் வேலை கிடைக்க, அம்மாவும் என்னோடு வந்தார்.

அதன் பின்னர் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊரில் சண்டை மூண்டு பெடியங்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். அம்மா பெரிய பானை வாங்கினார். பிறகு அதைவிடப் பெரிய பானை. பாணை வீட்டுக்குள் எடுக்கமாட்டார், சோறுதான். அவர்களில் ஒருவரான குலம் முதலில் வந்தபோது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "நாள் முழுக்கச் சாப்பாட்டுக்கு நடுவிலை நிக்கிறன் அம்மா, பசி தெரியேல்லை" என்றார். "அது கண்ட பசி. இது தின்னுற பசி. இரு" என்று அம்மா அவரை இருத்தினார். அவர் அதன் பிறகு எழும்பவே இல்லை என்று மற்றப் பெடியங்கள் பகிடி பண்ணுவார்கள். இந்தப் பத்து வருடமும் பனி வழித்தது, மருந்து வாங்கியது, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனது எல்லாம் குலம்தான்.

வயிற்றில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னபோது அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருந்து, "அவனுக்குச் சொல்லு. அவன்தான் கொள்ளி வைக்கவேணும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கத் தேவைப்படவில்லை.

குலம் பக்கத்தில் நின்றார். "நான் இருக்கிறன்தானே அம்மா" என்றார்.

"உனக்குச் சோறு போட்டனான் தம்பி. கொள்ளி வைக்க எனக்குப் பெத்த பிள்ளை இருக்கு."

குலம் குசினிக்குள் போய்விட்டார். கோப்பைகள் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் அண்ணாவை அழைத்தேன். எதற்கு என்றார். சொன்னேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அம்மா எப்போதாவது கேட்டாரா என்றார். இல்லை என்றேன். வந்து பார்க்கிறேன், மற்றதற்கு வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார்.

வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, நெடிய, மெலிந்த மனிதர். அம்மா எழும்பவில்லை. அண்ணா குனிந்து கைகொடுத்தார். அம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். மேசையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்காய். அன்று சமைத்தவர் குலம். அம்மா கதிரையில் இருந்தபடியே உப்பும் புளியும் சொன்னார்.

அண்ணா கரண்டியால் சாப்பிடத் தொடங்கி, பிறகு எங்களைப் பார்த்துக் கையால் சாப்பிட்டார். வேர்த்தது. மூக்கைத் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டார்.

"உறைக்குதோ அண்ணை?" என்று கேட்ட குலம் என் பக்கம் திரும்பி, "கண்ணாலை தண்ணி ஓடுது அக்கா, ஆனால் கை நிக்கேல்லை" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். விளங்காமலே அண்ணாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"உவன் அப்பவும் உப்பிடித்தான் தின்னுவன்" என்றார்.

அண்ணா என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அவர் கையைத் தட்டில் வைத்தபடி, எனக்குப் பசித்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அலுவலகங்களில் இருபது வருடம் வேலை செய்த அம்மாவுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

"எல்லாருக்கும்தான் பசி" என்றார் தமிழில்.

அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணா தட்டில் இருந்ததை முடித்தார். இரண்டு நாள் இருந்துவிட்டு, கொள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அம்மாவும் அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் கடைசிக் கிழமைகளில், உணவு உள்ளே இறங்காமல் போன பின்னர், வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பார். வந்தது குலம் என்று கண்டால் மூடிவிடுவார். குலமும் அதைக் கண்டார். கண்டும் வந்துகொண்டிருந்தார்.

அம்மா ஒரு பகற்பொழுதில் இறந்தார். அண்ணாவுக்குச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். உடலை மலர்ச்சாலையில் வைத்திருந்த நாட்களில் எல்லோரும் என்னைக் கேட்டது ஒரே கேள்வி, மகன் வருவாரா என்று. தெரியாது என்றேன். தகனத்தன்று காலை குலம் வேட்டியோடு வந்தார். "அக்கா, நேரமாகுது. நான் செய்யிறன். உவருக்கு வந்தாலும் ஒண்டும் தெரியாது" என்றார். ஐயர் கும்பம் வைத்துக்கொண்டிருக்கும்போது விமான நிலையத்தில் இருந்து நேரே, கையில் பெட்டியோடு, அண்ணா உள்ளே வந்தார்.

குலம் அண்ணாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய்த் தன் வேட்டியை அவிழ்த்து அவருக்குக் கட்டிவிட்டார். அது கழன்றுவிடும் என்று அண்ணா பயப்பட, மேலே தன் இடுப்புப் பட்டியையும் இறுக்கிவிட்டார். பிறகு உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. தட்டில் பச்சையரிசி. இது எதற்கு என்று அண்ணா என்னிடம் கேட்டார். போகிறவருக்குப் பிள்ளைகள் கொடுக்கும் கடைசி உணவு, மூன்று தரம் வாயில் போடவேண்டும் என்றேன். அவர் அம்மாவின் வாயைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். கைநிறைய அள்ளினார். ஒரு தரம் போட்டார். இரண்டாம் தரம் போட்டார். மூன்றாம் தரமும் போட்டார். அரிசி உதடுகளைத் தாண்டிக் கழுத்தடிச் சேலையில் சிந்தியது. அவர் நிறுத்தவில்லை. நான்காம் தரம் தட்டில் கையை விட்டு, முன்னிலும் கூடுதலாக அள்ளினார்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஐயர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"போதும்" என்றார். "மற்றாக்களுக்கும் வேணும்."

அண்ணாவின் கை அந்தரத்தில் நின்றது. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அவர் தலையை அசைத்தார்.

அது எனக்குத் தெரியும் என்றார் ஆங்கிலத்தில்.

கையில் இருந்த அரிசியைத் தட்டில் திருப்பிக் கொட்டினார். விரலிடுக்கில் ஒட்டியிருந்த மணிகளையும் உதறிவிட்டார். பிறகு ஐயர் சொன்னபடி எல்லாவற்றையும் செய்தார். கொள்ளியும் வைத்தார். அவர் அப்படி அள்ளியது பாசத்திலா பழியிலா என்று விட்பியில் இருந்து வந்த ஒரு உறவினர் அன்றே கேட்டார். அண்ணாவிடம் நான் கேட்கவில்லை. கண்டதை எழுதியிருக்கிறேன்.

இன்று முப்பத்தோராம் நாள். அம்மாவை வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியருக்கும், மலர்ச்சாலைக்கு வந்தவர்களுக்கும், வரமுடியாமல் தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்களுக்கும், நான் எழுதியது பிடிக்காவிட்டாலும் இந்த மலரின் அச்சுச் செலவில் பங்கெடுத்த சின்னம்மாவுக்கும் நன்றி. பத்து வருடம் பிள்ளையாக இருந்து, கடைசி நாளில் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்த குலத்துக்கு நன்றி. கடல் தாண்டி வந்த அண்ணாவுக்கு நன்றி. அண்ணாவை வளர்த்த அந்த அம்மையாரும் கணவரும் இறந்து வெகுகாலமாகிறது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் அவர்களுக்கு நன்றி சொல்லப்பட்டதில்லை. இப்போது சொல்கிறேன்.

மண்டபத்தின் பின்பக்கம் சாப்பாடு இருக்கிறது. இருந்து சாப்பிட்டுப் போங்கள். யாருக்கும் போதும் என்று சொல்லவேண்டாம் என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.